ஒரு கைப்பிடி மொட்டைச் சாமை

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விடியலில் தூறல். எட்டு மணிக்கு நின்றது. மண் நல்ல பதம். விதைத்து இருபத்தைந்தாம் நாள், நாற்று பிடுங்கி வேர் பார்க்க இதைவிட நல்ல நாள் அமையாது என்று துள்ளிக்கொண்டு போனேன். துள்ளலில் மண் விழுந்தது.

தூ. பாத்தியில் நாற்பது செடி. சரி. நாற்பதும் வேரைச் சுற்றி மண்ணைக் கவ்விக்கொண்டு வந்தன. உதறினாலும் விடவில்லை. மொ. பாத்தியில் முதல் ஆறு, அதுவும் சரி. உதறியதும் மண் பொலபொலவென்று கொட்டி, வேர் வெள்ளை நூலாகத் தொங்கியது. ஏழாவது மண்ணோடு வந்தது. உதறினேன். விழவில்லை. தட்டில் தண்ணீர் விட்டு அலசி, கைபேசியில் லென்ஸை மாட்டிப் பார்த்தால் வேர் முழுக்கத் தூவி! அடர்த்தியாக, நீளமாக, என்னைப் பார்த்துச் சிரிக்காத குறை.

நாற்பதில் எட்டு. ஐந்தில் ஒன்று. ஐயோ.

நாளை சாருக்கு போன் செய்ய வேண்டும். கைடு என்ற பெயரில் ஐந்து வருடமாக என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவைத்திருக்கும் மனிதர். உளறினால் தொலைந்தேன். வரிசையாக எழுதிக்கொள்கிறேன்.

1. தூ. = தூவி உள்ளது. தூவி என்றால் வேரில் மயிர் மாதிரி முளைப்பது. இந்த ஊர்ச் சாமை. ஐந்து வருடம் முன்பு மல்லிகாக்கா வீட்டிலிருந்து ஒரு படி வாங்கிப்போனது.

2. மொ. = மொட்டை. அதே சாமைதான். எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் கதிர்வீச்சு கொடுத்து, அதில் பொறுக்கி எடுத்தது. ஒரே ஒரு மரபணு கெட்டுவிட்டது. அதனால் வேர்த்தூவி முளைக்கவே முளைக்காது.

3. விதையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வேரைப் பார்த்தால்தான் தெரியும்.

4. இந்த மலை மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) கொஞ்சம். இருப்பதையும் செம்மண் கெட்டியாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதைத் துழாவி எடுப்பது தூவி. அந்த ஒரு மரபணு கெட்டால் செடிக்கு இங்கே என்ன ஆகும்? இதுதான் என் கேள்வி. ஐந்து வருடமாக இது ஒன்றுதான்.

5. மொட்டை மொட்டையாக இருந்தால்தானே கேள்வி கேட்க முடியும்!

மல்லிகாக்கா மோர் கொண்டுவந்தாள். அவள் நிலத்தில்தான் என் பாத்தி இரண்டும். "இன்னா டீச்சரு, மொகம் பேயடிச்சாப்ல கீது?" நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இந்த ஊருக்கு டீச்சர். ஒன்றுமில்லை என்றேன். மோரில் உப்பு அதிகம். குடித்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

வெயில். தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்தான் சிக்னல். மூச்சு வாங்க ஏறி, சாருக்கு போன்.

"லேபிள் மாத்திட்டியாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப பைய மாத்திட்ட."

"மாத்தியிருந்தா நாப்பதும்தானே சார் தப்பா வரணும்? எட்டு மட்டும் எப்படி?"

"எதிர்த்துப் பேசாதம்மா."

கணக்குச் சொன்னால் எதிர்த்துப் பேசுவதாம். ஆண் மாணவன் சொன்னால் அதற்கு 'விவாதம்' என்று பெயர். போன மாதம் கூட்டத்தில் என் கண் எதிரே சொன்னார், "நல்ல விவாதம்" என்று. அவன் சொன்னது தப்பு வேறு.

அடுத்த வியாழக்கிழமை குழு வருவதை நினைவூட்டினார். மறந்தால்தானே. மூன்று பேர், ஜீப்பில். பாத்திகளைப் பார்த்துத் திருப்தி என்று எழுதினால்தான் என் ஆய்வேடு நகரும். உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது. இன்னொரு பருவம் கிடையாது. "எப்படிக் கலந்ததுன்னு கண்டுபிடி" என்று வைத்துவிட்டார்.

சந்தேகப் பட்டியல்:
எலி. விதையைத் தின்னும். கலக்காது.
எறும்பு. இழுத்துக்கொண்டு போகும். அளந்து ஐந்தில் ஒன்று வைக்காது.
போன வருடம் உதிர்ந்த விதை. அந்தத் துண்டில் போன வருடம் கொள்ளு.
நான். இரண்டு பையையும் பண்ணையில் நானே நிறுத்து, நானே தைத்து, நானே எழுதினேன். இருநூறு இருநூறு கிராம். விதைப்புக்கு முந்தின நாள் மாலை அக்கா வீட்டில் வைத்தேன். மறுநாள் ஒன்பது மணிக்கு வந்து விதைத்தேன்.
அந்த ஒரு ராத்திரி?

செருப்பு வார் அறுந்தது. நான் தங்கியிருக்கும் புதூர்நாட்டில் தைக்க ஆள் இல்லை. ஊக்கு.

அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் பஞ்சாயத்து. "ஏம்மா, பாத்ரூம் கொழாயில மண்ணு அடைச்சிக்குது. நீ இன்னா வேலைதான் பாக்கிற?" ரேஷன் கடையில் எடை போடுபவர். என் சின்னத் தராசை மட்டும் வாரம் ஒரு தரம் கேட்காமல் எடுத்துப்போய் வெண்டைக்காய் விதை நிறுப்பார். அதில் மண் ஒட்டினால் பரவாயில்லையாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று எழுத்து கோணல்.

காலையில் அக்கா நிலத்தில் களையெடுப்பு. நானும் குனிந்து கூடவே போனேன். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"வெதைக்கிறதுக்கு மின்ன ரெண்டு பையையும் யாராச்சும் தொட்டாங்களாக்கா?"

"வேற யாரு தொடப்போறாங்க? நாந்தான் தொட்டேன்."

"எப்போ?"

"வெதைக்கிற அன்னிக்கு வெடியால. அம்மங்கிட்ட எடுத்துனு போனேன்ல?"

அம்மனிடம்! எனக்குத் தெரியாத சடங்கா? விதைப்பு நாளில் விடியலில் வீட்டுக்கு ஒரு பெண் தன் விதையோடு மாரியம்மன் கோயிலுக்குப் போவாள். பெரிய முறத்தில் ஒரு கைப்பிடி போடுவாள். நாற்பது வீட்டு விதையும் ஒன்றாகக் கலக்கும். பூசை. பிறகு கலந்ததில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டுபோய்த் தன் விதையோடு கலந்துகொள்வாள். எந்த வீட்டு வெள்ளாமையும் தனியாகக் கெட்டுவிடக் கூடாது என்று. போன வருடம் போட்டோ எடுத்து, 'என்ன ஒற்றுமை!' என்று ஸ்டேட்டஸ் வைத்தவள் நான்தான். அறுபத்து மூன்று பேர் பார்த்தார்கள்.

"ரெண்டு பையிலயும் ஒவ்வொரு புடி எடுத்து மொறத்துல போட்டேன். பூச முடிஞ்சி ஒவ்வொரு புடி வாங்கியாந்து ரெண்டுத்துலயும் கலந்தேன். நல்லா அடிவரைக்கும் கைய வுட்டுக் கலந்தேன் டீச்சரு, மேலாப்ல போட்டுட்டு வந்துடல."

பெருமையாகச் சொல்கிறாள்! தூ. பையில் ஊர் விதை விழுந்தால் ஒன்றும் தெரியாது, இரண்டும் ஒன்றுதான். மொ. பையில் ஒரு கைப்பிடி ஊர் விதை. இருநூறு கிராமில் நாற்பது கிராம். ஐந்தில் ஒன்று. அடிவரைக்கும் கையை விட்டு.

கத்தினேன். ஆமாம், கத்தினேன். "யாரக் கேட்டு செஞ்சீங்க? அது இன்னா உங்க வூட்டுப் பையா?"

பக்கத்து நிலத்தில் களையெடுத்தவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள்.

"இதுக்குக் கேக்கணுமா? எங்க நெலத்துல வெதைக்கிறது. உங்க பை மட்டும் இன்னா, அனாதையா? நாளைக்கி வெள்ளாம கெட்டா அப்பால யாரு பதில் சொல்றது?"

"எனக்கு வெள்ளாமையே வேணாங்க்கா! வேரு போதும் எனக்கு!"

வெள்ளாமை வேண்டாம் என்று நிலத்தில் நின்று சொல்கிறவளை அக்கா முதல் தடவையாகப் பார்த்திருப்பாள். களைக்கொத்தைக் கீழே போட்டாள். எடுத்தாள். அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். அவளுக்குக் கோபமாம்! ஐந்து வருடம் போனது எனக்கு. கோபம் அவளுக்கு.

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. ரொட்டி, வாழைப்பழம்.

இன்று யார் யார் மேல் கோபம்:
மல்லிகாக்கா.
மாரியம்மன். (மன்னித்துக்கொள்.)
சார், நாளைக்குச் சொல்லப்போவதற்காக முன்கூட்டியே.
அந்த அறுபத்து மூன்று பேர்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மூட்டம். மழை இல்லை.

தொட்டி மேடு. சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"மலைக்காரங்க மூடநம்பிக்கைய ஆய்வேட்டுல எழுத முடியுமாம்மா? ஒண்ணு பண்ணு. மொட்டைப் பாத்தியில மண்ணு ஒட்டுற மாதிரி தெரியற செடியெல்லாம் பிடுங்கிடு. தளதளன்னு உயரமா இருக்குமே, பாத்தாலே தெரியும். வியாழக்கிழமைக்குள்ள பாத்தி சுத்தமா இருக்கணும். எங்கயும் குறிக்காத."

"குறிக்காமலா சார்?"

"குறிச்சா ஏன்னு கேப்பாங்க."

பிழை என்று நாற்பது பேர் முன்னால் என் வரைபடத்தைக் கிழித்தவர் இவர்தான். ஒரு புள்ளி தள்ளி இருந்ததற்காக. இன்றைக்குக் குறிக்காதே. நன்றாக இருக்கிறது நியாயம்!

ஆனால் சரி சார் என்றுதான் சொன்னேன். வாய் அப்படிப் பழகிவிட்டது.

அறைக்கு வந்து, எத்தனை செடி பிடுங்க வேண்டியிருக்கும் என்று நோட்டில் கணக்குப் போட்டேன். மொ. பை இருநூறு கிராம். வந்தது ஒரு கைப்பிடி. போனது ஒரு கைப்பிடி.

போனது.

பேனா அங்கேயே நின்றுவிட்டது. நான்கு நாளாக என் பைக்குள் என்ன வந்தது என்றுதான் ஊரைக் கூட்டினேன். என் பையிலிருந்து போன கைப்பிடி எங்கே? முறத்துக்கு. முறத்திலிருந்து? நாற்பது வீட்டுக்கு.

ஒரு கைப்பிடி மொட்டையை நாற்பதாகப் பிரித்தால் வீட்டுக்கு ஒரு சிட்டிகை. சிட்டிகையில் நானூறு விதையாவது இருக்கும். சாமை அவ்வளவு பொடி.

டீ ஆறிப்போய்ப் படலம் கட்டியிருந்தது. கொட்டினேன். மண் அடைத்த அதே பாத்ரூம் குழாயில்தான்.

ஆகஸ்ட் 23, சனி

காற்று. ஊக்கு போட்ட செருப்போடு மூன்று நிலம் சுற்றினேன். போகும்போது கும்பிட்டு வேண்டிக்கொண்டேன், மொட்டை அங்கே இருக்கக் கூடாது என்று. ஆராய்ச்சிக்காரி கேட்கிற வரமா இது.

இருந்தது. முதல் நிலத்திலேயே. நல்ல பச்சைச் சாமைக்கு நடுவே அங்கொன்று இங்கொன்றாகக் குட்டைச் செடி, இலை ஓரம் ஊதா பூத்து. மணிச்சத்து கிடைக்காத செடியின் முகம் எனக்குத் தெரியாதா? ஒன்றைப் பிடுங்கினேன். தலைமுடி மாதிரி லேசாக வந்தது. உதறினேன். மண் முழுக்கக் கொட்டிவிட்டது. லென்ஸ் தேவையே இல்லை. மொட்டை.

இரண்டாம் நிலம். மொட்டை. மூன்றாவதில் வரப்பு ஓரமாகவே இரண்டு.

மூன்றாம் நிலத்துக்காரம்மா பார்த்துவிட்டு, "இன்னா நோவும்மா இது? இந்த வருசம் அங்கங்க இப்டி ஊதாவா கீது" என்றாள். நான் "பாக்கிறேங்க" என்றேன். பார்க்கிறேனாம்!

ஓடி மேட்டில் ஏறி சாருக்கு போன். மூச்சு வாங்கியது.

"ஆயிரத்துல ஒண்ணு இருக்குமா?" என்றார்.

"அதுகூட இருக்காது சார். ஆனா..."

"அப்ப எதுக்குக் கிளறுற? இந்த மண்ணுல அது தானாச் செத்துடும். அதுதானே உன் தீசிஸே?"

"சாகாது சார். குட்டையா நின்னு கதிர் விடும். விதை பிடிக்கும். எரு போட்ட வீட்டோரத்துல நல்லாவே வரும். இவங்க கடையில விதை வாங்கறவங்க இல்ல சார். வீட்டுல எடுத்து வச்சதுதான். வருஷா வருஷம் முறத்துல போட்டுக் கலப்பாங்க."

"பத்திரிகைக்காரன் காதுல விழுந்தா கதிர்வீச்சு விதையை மலை மேல விட்டுட்டாங்கன்னு எழுதுவான். பண்ணை பேர் என்ன ஆகும்? ஆய்வேட்டுல யார் கையெழுத்து போடணும்னு ஞாபகம் வச்சுக்கோ."

வைத்துவிட்டார். மிரட்டல் கூட ஒழுங்காக இல்லை, ஏதோ பால் கணக்குச் சொல்வதுபோல.

சொல்லாவிட்டால் அவர்கள் விதை. சொன்னால் என் ஐந்து வருடம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தோன்றும். எனக்கு யோசிக்க இருக்கிறது. அதுதான் வெட்கம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஊருக்குள் போகவில்லை. காய்ச்சல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொட்டுப் பார்த்தேன். இல்லை.

துணி துவைத்தேன். அறை பெருக்கினேன். வீட்டுக்காரர் பலாக் கொட்டை அவித்துக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான், தராசை விட்டால்.

பழைய படங்களைக் கணினியில் புரட்டிக்கொண்டிருந்தேன். தூ. வேர், நூறு மடங்கு பெரிதாக்கியது. வேரின் மேல்தோலில் ஒரு செல். அதற்குள் அந்த மரபணு 'வளர்' என்று உத்தரவு போடுகிறது. செல் வெளியே மூக்கை நீட்டுகிறது. உத்தரவு நீடிக்கும் வரை நீள்கிறது, நின்றதும் நிற்கிறது. ஒரு தூவி என்பது ஒரே ஒரு செல்தான். மண்ணில் மணிச்சத்து குறைந்தால் செடி உத்தரவை நீட்டிக்கிறது, தூவி இன்னும் எட்டிப் போகிறது. பசி எடுக்க எடுக்கக் கை நீளும் என்று வையுங்கள். இந்த மலையில் எத்தனையோ தலைமுறையாக மண்ணைக் கவ்விக்கொண்டு வந்த செடிகள் பிழைத்து, அவற்றின் விதை வீடுகளில் தங்கி, அப்படி வந்த உத்தரவு. அதில் ஓர் எழுத்தைக் கெடுத்துவிட்டு, அதற்கு ஓர் எண் கொடுத்து, பையில் தைத்து, அவர்கள் வீட்டிலேயே கொண்டுவந்து வைத்தோம்.

'வைத்தோம்' என்ன? வைத்தேன்.

முதல் தடவை மொட்டை வேரை லென்ஸில் பார்த்த அன்று சந்தோஷத்தில் பண்ணை முழுக்க மிட்டாய் கொடுத்தேன். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

சாயங்காலம் தொட்டி மேடு வரை போனதும் சாரிடமிருந்து மூன்று குறுஞ்செய்தி. 'பிடுங்கியாச்சா?' மூன்றும் அதேதான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலை வெயில், பத்து மணிக்கு மேல் மேகம்.

போனேன். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமைக்குப் பிறகு பேச்சு இல்லை. பிடுங்கி வைத்திருந்த குட்டைச் செடிகளை அவள் முன் போட்டேன். சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் வாளியைக் கீழே வைக்கவில்லை.

"அப்போ அந்தப் பையில இருந்தது இன்னா?"

"மொட்டைக்கா. வேருல தூவி இருக்காது. மண்ணப் புடிக்காது."

"எங்க சாமன்னு சொன்னியே."

சொன்னேன். விதைப்புக்கு முந்தின நாள் சாயங்காலம், பையைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டாள், இது இன்னா வெத என்று. 'அதுவும் உங்க சாமைதாங்க்கா, பண்ணையில இருந்து வருது' என்றேன். பொய் இல்லை. பாத்தியைப் பார்த்துக்கொள்பவருக்கு எது எது என்று சொல்லக் கூடாது, சொன்னால் ஒன்றைக் கூடுதலாகக் கவனிப்பார்கள் என்பது பாடம். பாடத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இத்தனை நாளில் இந்த நோட்டில் அதை எழுதக்கூட இல்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

"ஊரு சாம வூட்டுக்குத் திரும்ப வந்துகீதுன்னு நெனச்சேன். அத்தொட்டுதான் அம்மங்கிட்ட எடுத்துனு போனேன். உனுக்கு நல்லது நடக்கட்டும்னு. நீ இன்னாடான்னா எல்லாருக்கும் எதிர்க்க என்னைத் திட்டின."

"தப்புதாங்க்கா."

"கலந்தது நானு. ஒத்துக்கிறேன். ஆனா அது கெட்ட வெதன்னு தெரிஞ்சி எங்கூட்டுல வெச்சவ நீ. ஒரு வார்த்த சொல்லியிருந்தா கைய வெச்சிருப்பனா? உன் பைய அடுப்பு மேல பரண்ல இல்ல ஏத்தி வெச்சிருப்பேன்?"

ஐந்து வருடமாக அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். கூழ், களி, பலாக்காய்க் குழம்பு, பண்டிகைக்குக் கறி. என் ஆய்வேட்டில் அவள் பெயர் எங்கே வரும் தெரியுமா? வராது. 'சேகரிப்பு எண் 14' என்று வரும்.

"இப்போ கவுண்டர்ட்ட போயி யாரு சொல்றது?"

"நான் சொல்றேங்க்கா."

"நீதான் சொல்லணும்."

கூட வந்தாள். பத்தடி தள்ளியே நடந்தாள். ஊருக்குத் தலைவரான கவுண்டர் கேட்டுவிட்டு, நாளைக்குக் காலையில் கோயில் முன்னால் எல்லாரையும் கூப்பிடுவதாகச் சொன்னார். அவ்வளவுதான். உட்காரச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

லேசான மழை. நின்றே பேசினேன்.

எல்லா வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். ஒரு நல்ல செடியையும் ஒரு மொட்டையையும் பிடுங்கி எல்லாரும் பார்க்க உதறிக் காட்டினேன். நல்லது மண்ணோடு நின்றது. மொட்டையின் மண் என் செருப்பு மேலேயே கொட்டியது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சனிக்கிழமை நோவு என்னவென்று கேட்ட அம்மாதான் முதலில் ஆரம்பித்தாள்.

"எங்க வூட்டு வெதைய எடுத்துனு போயி, மொட்ட அடிச்சி, எங்களுக்கே திருப்பிக் குடுத்துக்கீது இந்தப் பொண்ணு! அன்னிக்கே கேட்டேன் இன்னா நோவுன்னு. பாக்கிறேன்னு சொல்லுது!"

"துன்னா இன்னா ஆவும்?" என்றார் ஒருவர்.

"சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுங்க. வெளைச்சல்தான் இருக்காது. வெதையா எடுத்து வெச்சா வருசா வருசம் வரும்."

"வேற இன்னா சொல்லாம வெச்சிகினு கீற? எல்லாத்தையும் இப்பயே சொல்லிடு."

வேறு ஒன்றும் இல்லை என்றேன். நம்பின முகம் ஒன்றுகூட இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, உண்மையைத்தானே சொல்கிறேன் என்று. வந்த வேகத்தில் போய்விட்டது. எந்த உரிமையில் வருகிறது இந்த ஆத்திரம்?

அம்மன் விதையையே இவள் கெடுத்துவிட்டாள், அபராதம் போட வேண்டும் என்றார் ஒருவர். மல்லிகாக்கா மேல் போடச் சொன்னார் இன்னொருவர். அக்கா முறைத்த முறைப்பில் அவர் பின்னால் போய்விட்டார்.

கவுண்டர் கடைசியாகச் சொன்னார். "அபராதம்லாம் அப்பால. கதிரு வர்றதுக்கு மின்ன அதத் தேடிப் புடுங்கணும். மொதல்ல உன் பாத்தியப் புடுங்கு. வேரோட. அப்பால ஊரு புடுங்கும்."

"நாளைக்குப் புடுங்கிடறேங்க" என்றேன். நாளை மறுநாள் குழு வருவதைச் சொல்லவில்லை. சொன்னால் அனுதாபம் தேடுகிற மாதிரி.

ஆனால் ஊர் நாளைக்கு என்று காத்திருக்கவில்லை. மத்தியானமே பெண்கள் இறங்கிவிட்டார்கள். அடையாளம் சொல்லிக்கொடுக்கப் போனேன். ஊதா ஓரம், குட்டை என்று தொடங்கினால், "தெரியும் போ" என்றாள் ஒரு பெண். நான் ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள் அவர்கள் நாலு. லென்ஸ் பையிலேயே இருந்தது.

சாருக்கு நீளமாகச் செய்தி அனுப்பினேன். எல்லாவற்றையும். குறிக்காதே என்றதையும் குறித்திருக்கிறேன் என்று. போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் வந்ததும் கைபேசியை அணைத்துவிட்டு மேட்டிலிருந்து இறங்கினேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. வெயில் சுள்ளென்று.

ஏழு மணிக்குப் பாத்தியில் உட்கார்ந்தேன். வேரோடு, ஒவ்வொன்றாக. மொட்டை இழுத்ததும் வந்துவிடும், அதில் சிரமமே இல்லை. பத்து மணிக்கு இடுப்பு விட்டுப்போனது. அழுதேனா என்றால் அழுதேன். மூக்கை மண் கையால் துடைத்ததில் முகமெல்லாம் செம்மண்.

மல்லிகாக்கா கூடையோடு வந்தாள். எதிர் ஓரத்திலிருந்து பிடுங்க ஆரம்பித்தாள். நான் ஒரு உயரமான செடியில் கை வைத்தேன்.

"அத வுடு. அது எங்க வூட்டு வெத."

விட்டேன். நாற்பதுக்கு எட்டு என்று நான் எண்ணி வயிறெரிந்த செடிகள். சார் பிடுங்கச் சொன்னவை. பாத்தி முடிந்தபோது அவை மட்டும் அங்கங்கே நின்றன. நாளைக்கு மூன்று பேர் ஜீப்பில் வந்து இதைத்தான் பார்க்கப்போகிறார்கள். நடந்ததைச் சொல்வேன். திருப்தி என்று எழுத மாட்டார்கள். சார் என்ன எழுதுவார் என்று தெரியவில்லை. பண்ணையில் பானையில் வளர்த்து அளந்த நான்கு வருடக் கணக்கு கையில் இருக்கிறது. அதை வைத்து ஏதாவது தேறுமா? பார்க்கலாம். தேறாமலும் போகலாம்.

பிடுங்கியதை எல்லாம் கூடையில் அள்ளி, அவள் வீட்டுக் கல் அடுப்பில் போட்டு எரித்தோம். பச்சை என்பதால் புகைதான் அதிகம். அவள் மகள் கொழுக்கட்டை கொண்டுவந்து கொடுத்தாள். பூரணம். தின்றேன்.

பழையபடி ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் கேட்டேன். "அடுத்த வருசம் தூ. மட்டும் ஒரு பாத்தி போடட்டுமாக்கா?"

"போடுங்க டீச்சரு. எடம் குடுக்கிறேன்." அடுப்பைக் கிளறினாள். "ஆனா உங்க பை அம்மங்கிட்ட வராது. உங்க வெத வேற, எங்க வெத வேற. கவுண்டரும் அதான் சொல்லிட்டாரு. இனிமே உங்க பைய யாரும் தொடமாட்டோம்."

போன வியாழக்கிழமை அவள் நிலத்தில் நின்று நான் தொண்டை கிழியக் கேட்டது இதைத்தான்.

சரிக்கா என்றேன்.